பின்பாரம்

டெக்சாஸில் கேட்டி என்கிற ஊரில் எங்கள் சபைக்கு வருகிற குடும்பங்களில் பிக்கப் ட்ரக் வைத்திருப்பவன் நான் ஒருவன்தான். அதுவும் பெரியது இல்லை, நடுத்தர அளவு. சோபா வாங்கினாலும் என்னைக் கூப்பிடுவார்கள், வீடு மாற்றினாலும் என்னைக் கூப்பிடுவார்கள், கிறிஸ்துமஸ் நாடகத்துக்கு மாட்டுத்தொழுவம் ஏற்றிவரவும் நான்தான். ஒருவரிடமும் முடியாது என்று சொன்னதில்லை. தங்கமான மனுஷன் என்பார்கள். தங்கமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. முகத்துக்கு நேராக மறுக்க எனக்கு வாய் வராது, அவ்வளவுதான். இது என் மனைவிக்கு மட்டும் தெரியும். "ஊருக்கெல்லாம் உடனே சரி. எனக்குன்னா அப்புறம் பாக்கலாம்" என்பாள்.

அவளுக்குப் புற்றுநோய் வந்து இரண்டாவது வருடம் அது. கீமோ ஏற்றும் அறையில் அவள் உட்காரும் நாற்காலிக்கு எதிர்ச்சுவரில் ஒரு காலண்டர் தொங்கும். மேற்கு டெக்சாஸில் இருக்கிற ஒரு மலையின் படம், சாயங்கால வெயிலில் கத்தரிப்பூ நிறத்தில். மாதங்கள் போயும் அந்தத் தாளை யாரும் புரட்டவில்லை. மணிக்கணக்காக அவள் அதையே பார்த்துக்கொண்டிருப்பாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து ஆபீஸ் ஈமெயிலுக்குப் பதில் போட்டுக்கொண்டிருப்பேன். இப்போது நினைத்தால் என்னை நானே அறையலாம் போலிருக்கிறது.

இனி மருந்து வேண்டாம், வீட்டில் வலி இல்லாமல் இருக்கட்டும் என்று டாக்டர் சொன்ன அன்று, காரில் திரும்பி வரும்போது அவள் அழவில்லை. கொஞ்ச தூரம் வந்ததும் கேட்டாள்.

"டெக்சாஸ்ல மலை இருக்காமே. இருபத்திரண்டு வருஷமா நீங்க காட்டுனதெல்லாம் ஃப்ரீவேதான். என்னை அங்க கூட்டிட்டுப் போங்க. நெஜமாவே அந்தக் கலர்தானான்னு பாக்கணும்."

"போகலாம்" என்றேன்.

"அப்புறம் பாக்கலாம்னு சொல்லாம போகணும்" என்றாள்.

சான் ஹோசேயில் வேலை பார்க்கும் எங்கள் மகள் போனில், "ஜஸ்ட் ஃப்ளை ஹெர், அப்பா" என்றாள். அவளுக்கு எப்படிச் சொல்வது? அரை மணிக்கு ஒரு தடவை பாத்ரூம் வேண்டும். ஹோட்டல் வாடை பட்டாலே குமட்டும். ஏர்போர்ட் கூட்டத்தில் யாராவது தும்மினால் போதும், ஆஸ்பத்திரிதான். அதனால்தான் கேம்பர் டிரெய்லர். சின்னது, பழையது, ட்ரக்குக்குப் பின்னால் மாட்டி இழுத்துப் போவது. முன்பக்கம் கட்டில், நடுவில் டாய்லெட், பின்பக்கம் அடுப்பும் சிங்க்கும். அவள் சமையலறை, அவள் டாய்லெட், அவள் படுக்கை, எல்லாம் கூடவே வரும்.

நான் மெக்கானிக்கல் இன்ஜினியர். எடை எங்கே உட்காருகிறது என்று பார்ப்பதுதான் எனக்குச் சம்பளம் தருகிற வேலை. டிரெய்லர் விஷயத்தில் இழுப்பது பெரிய காரியமே இல்லை, அந்த ட்ரக் தாராளமாக இழுக்கும். பாரத்தை எங்கே வைக்கிறோம் என்பதுதான் எல்லாம். டிரெய்லரின் மொத்த எடையில் பத்தில் ஒரு பங்காவது ட்ரக்கின் பின்னால் டிரெய்லரை மாட்டுகிற இரும்புக் குண்டை அழுத்த வேண்டும். பாரம் முன்னால் இருந்தால் வண்டி அடங்கி வரும். பின்பாரம் ஆகிவிட்டால் வால் ஆட ஆரம்பிக்கும், ஆடினால் நிற்காது. நான் பாத்ரூம் தராசை வைத்து அளந்து, தண்ணீர் டேங்கை எவ்வளவு நிரப்பலாம், குக்கரை எந்தத் தட்டில் வைக்கலாம் என்றெல்லாம் கணக்குப் போட்டேன். மூன்று வாரம் காலிப் பார்க்கிங் லாட்டில் ஓட்டிப் பழகினேன். அவள் மடக்கு நாற்காலியில் கம்பளி போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். நான் ரிவர்ஸ் எடுத்து டிரெய்லரைக் கோணலாக்கும்போதெல்லாம், "இன்ஜினியர் சார், அது அந்தப் பக்கம் போகுது" என்பாள். அந்த மூன்று வாரத்தில்தான் அவள் சிரித்துப் பார்த்தேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் அப்படியே கிளம்புவதாகத் திட்டம். டிரெய்லரோடுதான் சபைக்குப் போனோம். பாஸ்டர் வெளியே வந்து ட்ரக்கின் மேல் கை வைத்து ஜெபம் பண்ணினார். என் மனைவிக்காகக் கண்ணீர் விட்டுத்தான் ஜெபித்தார், அதில் குறை சொல்ல மாட்டேன். ஆமென் சொன்ன பிறகுதான் வினை வந்தது.

எங்கள் சபைக் குடும்பம் ஒன்று வேலைக்காக மேற்கு டெக்சாஸில் இருக்கிற மிட்லண்டுக்குக் குடி போயிருந்தது. அங்கே நாலைந்து வீடு சேர்ந்து ஜெபக்கூட்டம் நடத்துகிறார்கள். "அண்ணா, நீங்க அந்தப் பக்கமாத்தானே போறீங்க" என்று சபைத் தங்கச்சி ஒருத்தி ஆரம்பித்தாள். "கிரைண்டர் ஒண்ணு இருக்கு. அவங்க வழியில வந்து வாங்கிக்குவாங்க." அது மேஜை மேல் வைக்கிற கிரைண்டர் இல்லை. தூக்க இரண்டு ஆள் வேண்டிய கல் கிரைண்டர். அவளுக்குச் சரி என்றதும் இன்னொருவர், "பொன்னி அரிசி ஆறு மூட்டைதான், அங்க நல்லது கிடைக்க மாட்டேங்குதாம்" என்றார். அப்புறம் பாட்டுப் புத்தகங்கள் இரண்டு பெட்டி. கடைசியில் பாஸ்டரே தயங்கித் தயங்கி, "பிரதர், அந்தக் கூட்டத்துக்குன்னு ஒரு பிரசங்க மேடை செஞ்சு வச்சிருக்கோம்" என்றார். பைபிளை வைத்து நின்று பேசுகிற உயர மேஜை, ஓக் மரம். நிமிர்த்தினால் என் நெஞ்சு உயரம்.

ட்ரக்கின் பின்தொட்டி சின்னது. அதில் வீல்சேர், ஜெனரேட்டர், தண்ணீர் கேன், அவளுடைய மருந்துப் பெட்டி எல்லாம் நிரம்பி, மூடிப் பூட்டியிருந்தேன். மிச்சம் டிரெய்லர்தான்.

ட்ரக்கின் முன் சீட்டில் இருந்து என் மனைவி என்னைப் பார்த்தாள். கண்ணாடியை இறக்கி, மற்றவர்களுக்குக் கேட்காதபடி, "வேண்டாம்னு சொல்லுங்க" என்றாள்.

"ஒரு நாள்தானே. பாஸ்டரே கேக்கறாரு" என்றேன்.

அவள் கண்ணாடியை ஏற்றிக்கொண்டாள்.

பாரத்தை முன்னால் வைக்க வேண்டும் என்று தெரியாமல் இல்லை. முன்னால் இருந்தது அவள் கட்டில். வெள்ளை விரிப்பு போட்டு, நாலு தலையணை வைத்து, ஒவ்வொரு நிறுத்தத்திலும் அவள் போய்க் கொஞ்ச நேரம் சாய்வதற்காகத் தயார் செய்த இடம். அங்கே அரிசி மூட்டையையும் கிரைண்டரையும் வைக்க எனக்கு மனசு வரவில்லை. ஆக எல்லாவற்றையும் பின்னால், அடுப்புக்கு முன்னால், கதவுவரை அடுக்கினோம். நாலு ஆண்கள் உற்சாகமாகத் தூக்கிக் கொடுத்தார்கள். மறுபடி அளக்கவில்லை. அத்தனை பேர் கை அசைத்து வழியனுப்ப நிற்கும்போது குனிந்து தராசை வைத்துக்கொண்டிருக்க வெட்கமாக இருந்தது. ஐம்பத்தாறு வயசு இன்ஜினியருக்கு வெட்கம்.

சான் ஆன்டோனியோ பக்கம் பெரிய லாரிகள் தாண்டும்போது பின்னால் ஒரு அசைவு தெரிந்தது. காற்று என்று சொல்லிக்கொண்டேன். கெர்வில் தாண்டி ஒரு கேம்ப்கிரவுண்டில் இருட்டும் முன்பே நிறுத்தினோம். அவள் ரசம் கேட்டாள். அடுப்பை எட்ட அரிசி மூட்டை மேல் ஏறி நின்று ரசம் வைத்தேன். ஒரு கப் முழுக்கக் குடித்தாள். குமட்டவில்லை. "நாளைக்கு இந்நேரம் மலை" என்று சொல்லிவிட்டுப் படுத்தாள். அந்தக் கட்டிலில் ஜன்னலோரம் அவள் படுத்திருந்தது எனக்கு அப்படி ஒரு சந்தோஷமாக இருந்தது.

காலையில் வெளியே வந்து பார்த்தேன். ட்ரக்கின் பின்பக்கம், பார்க்கிங் லாட்டில் பழகியபோது இறங்கியிருந்த அளவு இறங்கவில்லை. குண்டின் மேல் போதிய எடை இல்லை என்று பார்த்த மாத்திரத்தில் புரிந்தது. சாமானையெல்லாம் முன்னால் மாற்ற வேண்டும், அதற்கு அவள் கட்டில்தான் இடம். உள்ளே எட்டிப் பார்த்தேன். பல வாரமாக வலியில் விழித்துக் கிடந்தவள் வாய் லேசாகத் திறந்தபடி நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தாள். எழுப்ப எனக்குக் கை வரவில்லை. அவள் எழுந்தபோது மணி பத்தாகிவிட்டது, முகம் தெளிந்திருந்தது, "கெளம்பலாமா?" என்று கேட்டாள். இறக்கி ஏற்ற ஆரம்பித்தால் மதியமாகிவிடும், சாயங்கால வெயிலில் மலையைப் பார்க்க முடியாது. மெதுவாகப் போய்க்கொள்ளலாம் என்று முடிவு செய்தேன். முடிவு செய்தது நான்தான், வேறு யாரும் இல்லை.

ஜங்ஷன் ஊர் வருவதற்குக் கொஞ்சம் முன்னால் நீளமான இறக்கம். ஒரு லாரி எங்களைத் தாண்டியது. அதன் காற்று டிரெய்லரின் வாலைத் தள்ளியது. வலப்பக்கம் ஒரு ஆட்டம், இடப்பக்கம் அதைவிடப் பெரிய ஆட்டம். ட்ரக்கின் பிரேக்கைத் தொடக் கூடாது, டிரெய்லரின் பிரேக்கை மட்டும் கையால் பிடிக்க வேண்டும் என்று நூறு தடவை படித்திருக்கிறேன். அந்த நேரத்தில் கால் போய் பிரேக்கைத்தான் மிதித்தது. பக்கக் கண்ணாடியில் டிரெய்லர் எங்களை முந்த வருகிற மாதிரி பக்கவாட்டில் வந்தது. அவள் "ஏங்க" என்றாள். அப்புறம் சத்தம்.

ட்ரக் வந்த திசையைப் பார்த்துத் திரும்பிப் புல்லில் நின்றது. டிரெய்லர் ஒருக்களித்துக் கிடந்தது. அவளுக்கு வலது தோளுக்குக் கீழே, மருந்து ஏற்றுவதற்காகத் தோலுக்குள் போர்ட் வைத்திருந்தார்கள். சீட் பெல்ட் உறுத்தாமல் இருக்க நான் தைத்துக் கொடுத்த குட்டித் தலையணை விலகி, பெல்ட் நேராக அதன் மேலேயே இறுகியிருந்தது. சட்டை நனைந்து சிவந்துகொண்டிருந்தது. எனக்கு ஒரு கீறல் இல்லை.

அவளைத் தாங்கி இறக்கி, சரிவில் ஒரு மரத்தடியில் உட்கார வைத்து, துண்டால் அழுத்திப் பிடித்தேன். புல்லெல்லாம் பொன்னி அரிசி. பாட்டுப் புத்தகங்கள் காற்றில் புரண்டன. வெள்ளை விரிப்பு உடைந்த ஜன்னலில் மாட்டிக் கிடந்தது. பிரசங்க மேடை மட்டும் ஒரு சேதமும் இல்லாமல் புல்லில் மல்லாந்து கிடந்தது. வந்த போலீஸ்காரர் டிரெய்லரையும் கொட்டிக் கிடந்த சாமானையும் சுற்றிப் பார்த்துவிட்டு, "யூ ஹேட் ஆல் திஸ் இன் தி பேக், சார்?" என்று மெதுவாகக் கேட்டார். ஆமாம் என்றேன். அவர் நோட்டில் குறித்துக்கொண்டு ரோட்டுப் பக்கம் போனார்.

ஆம்புலன்ஸ் வர நேரமானது. அவள் என்னைப் பார்க்காமல் ரோட்டைப் பார்த்துக்கொண்டு பேசினாள்.

"ஒரு தடவை. எனக்காக ஒரே ஒரு தடவை, முடியாதுன்னு சொல்லியிருக்கக் கூடாதா?"

நான் துண்டை அழுத்திக்கொண்டிருந்தேன். அவள் தலையைத் திருப்பி மேற்கே பார்த்தாள். அங்கே மலை எதுவும் இல்லை. குட்டை மரங்களும் ஒரு விளம்பரப் பலகையும்தான் இருந்தன.

காயம் ஆறவில்லை, கிருமி பிடித்தது. கேட்டிக்கு ஆம்புலன்ஸில்தான் திரும்பினாள், அதன் பிறகு வீட்டுப் படியைத் தாண்டவில்லை. மிட்லண்ட்காரர் டிரெய்லரை இழுத்துப் போட்டிருந்த யார்டுக்கே போய்த் தன் சாமானை எடுத்துக்கொண்டு எனக்குப் போன் செய்தார். "கிரைண்டர் கல்லுக்கு ஒண்ணும் ஆகலண்ணா, நீங்க கவலைப்படாதீங்க" என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார்.

கீமோ அறை நர்ஸ் ஒருத்தி கேள்விப்பட்டு, அந்தக் காலண்டர் தாளைக் கிழித்துக் கொடுத்தனுப்பினாள். கட்டிலுக்கு எதிரே ஒட்டினேன். ஒருநாள் அதைப் பார்த்தபடி, "இந்தக் கலர்தான் இருக்குமாங்க?" என்று கேட்டாள். இருக்கும் என்று சொல்லியிருக்கலாம். ஊருக்கெல்லாம் சரி சரி என்று சொன்ன வாய், அன்றைக்கு "தெரியலம்மா" என்றது. மகள் வந்து கடைசி மூன்று வாரமும் கூடவே இருந்தாள். அந்தத் தாளைப் பார்த்துக்கொண்டேதான் போனாள் என் மனைவி.

அடக்கம் முடிந்து நாலு மாதம் இருக்கும். சபைப் பையன் ஒருவன், புதிதாகக் கல்யாணம் ஆனவன், போன் செய்தான்.

"அண்ணா, சனிக்கிழமை ட்ரக் ஃப்ரீயா? மெத்தை ஒண்ணு பிக்கப் பண்ணணும்."

"முடியாது."

"ஊர்ல இல்லையாண்ணா?"

"இங்கதான் இருக்கேன். முடியாதுப்பா."

அவன் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

"பரவாயில்லண்ணா. வேற யார்கிட்டயாவது கேட்டுக்கறேன்."

கோபமில்லை, வருத்தமில்லை. நல்லா இருங்கண்ணா என்று சொல்லிவிட்டுத்தான் வைத்தான். அந்த ஞாயிற்றுக்கிழமை கேட்ட தங்கச்சியும் இதையேதான் சொல்லியிருப்பாள். அரிசி மூட்டைக்காரரும் இதைத்தான் சொல்லியிருப்பார். பாஸ்டர், "அதனால என்ன பிரதர், நீங்க சிஸ்டரைப் பாத்துக்கோங்க" என்று இன்னும் ஒரு ஜெபம் கூடப் பண்ணியிருப்பார்.

போனைக் கையில் வைத்துக்கொண்டு பெட்ரூமுக்குப் போனேன். அவள் படுத்திருந்த பக்கம் பார்த்து, "சொல்லிட்டேன்" என்றேன். சுவரில் மலை இருந்தது, கட்டில் காலியாக இருந்தது.