கப்பலில் வராத பேராசிரியர்

பேராசிரியர் என்றால் கப்பலில்தான் வருவார் என்று நான் நம்பியிருந்தேன். சைக்கிளில் வருகிறவர் குமாஸ்தா, பஸ்ஸில் வருகிறவர் வாத்தியார், கப்பலில் வருகிறவர் பேராசிரியர். இதை யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. முப்பது வயதில் நானாகவே யோசித்துக் கண்டுபிடித்த மடத்தனம்.

சுதந்திரம் அடுத்த வருஷம் வருகிறது என்று மலாக்கா முழுக்கப் பேசிக்கொண்டிருந்த காலம். நாட்டையே ஆளப்போகிறோம், ஒரு கலைக் கல்லூரியை நடத்த முடியாதா என்று எங்கள் தமிழ் ஆட்கள் சிலர் கிளம்பினார்கள். காஜா பெராங்கில் ஒரு கடைவீட்டு மாடி வாடகைக்குக் கிடைத்தது. நில அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்த என்னைச் செயலாளர் ஆக்கினார்கள். என் அறிவுக்காக என்று வெகுநாள் நினைத்திருந்தேன். குழுவில் டைப் அடிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான்.

கல்வி இலாகா கேட்டது ஒன்றே ஒன்று. பட்டம் பெற்ற நான்கு ஆசிரியர்களின் பட்டியல், மாத முடிவுக்குள். இல்லையென்றால் கல்லூரி என்று பலகை மாட்டக்கூடாது. ஆங்கிலம், கணக்கு, தமிழ் மூன்றுக்கும் ஆள் கிடைத்தாயிற்று. வரலாற்றுக்கு மட்டும் இல்லை. மதராஸிலிருந்து ஒரு டாக்டர், ஊசி போடுகிற டாக்டர் அல்ல, படித்த டாக்டர், வருவதாகக் கடிதம் எழுதினார். அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கேட்காதவர்களுக்கெல்லாம் படித்துக் காட்டினேன்.

கப்பல் வரும் நாள் விடியற்காலையில் ஜாலான் துக்காங் எமாஸ் தெருக் கோயில் வாசலில் பெரிய ரோஜா மாலையாக வாங்கிக்கொண்டு போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகத்துக்கு பஸ் ஏறினேன். மாலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவனைப் பார்த்து, செத்தது யார் என்று பக்கத்து சீட்டுச் சீனப் பாட்டி மலாயில் விசாரித்தார்.

டாக்டர் இறங்கினார். கோட்டு, கண்ணாடி, எல்லாம் நான் நினைத்தபடியே. நான் இரண்டடி வைப்பதற்குள் அவர் கழுத்தில் ஒரு மாலை விழுந்தது. வேறு ஊர்க் கல்லூரிக்காரர்கள் காரோடு வந்திருந்தார்கள். அவர்களுக்கும் வருவதாக எழுதியிருக்கிறார் மனிதர். அவர்கள் மாலை என்னுடையதைப் போல இரண்டு மடங்கு. நான் யார் என்று சொன்னதும், எங்கள் நூலகத்தில் எத்தனை புத்தகம் என்று மட்டும் கேட்டார். எண்பத்திரண்டு என்றேன். அதில் பஞ்சாங்கமும் சேர்த்தி. கார்க் கதவு மூடிக்கொண்டது.

திரும்பி வரும் பஸ்ஸில் விரல் விட்டு நாளை எண்ணினேன். மாத முடிவுக்கு ஐந்தே நாள். சுமத்ராவுக்குப் படகில் ஓடிவிடலாமா என்று யோசித்தேன். நீச்சல் தெரியாததால் கைவிட்டேன். அப்போதுதான் என் மேஜை இழுப்பறையின் அடியில் கிடந்த ஒரு விண்ணப்பம் ஞாபகத்துக்கு வந்தது.

எங்களுக்கு முதன்முதலில் வந்த விண்ணப்பம் அது. சிங்கப்பூரில் வரலாறு படித்துப் பட்டம் வாங்கிய ஒரு டீச்சர். வீடு கல்லூரிக்கு அடுத்த தெரு. மலாக்காச் செட்டிக் குடும்பம். பல தலைமுறைக்கு முன்பே இங்கே தங்கிவிட்ட இந்துக்கள் அவர்கள். வாசலில் மாவிலை தொங்கும், வீட்டுக்குள் மலாய்தான் பேச்சு. தமிழ் பேசாதவர் எதற்கு என்றார் எங்கள் தலைவர். கப்பலில் வராதவர் எதற்கு என்று நானும் அதை அடியில் தள்ளியிருந்தேன்.

பஸ்ஸை விட்டு இறங்கி நேராக அந்த வீட்டுக்கு ஓடினேன். சாயங்கால நேரம், தெரு நிறைய ஆட்கள். வாசலில் டீச்சரின் அண்ணன் சைக்கிளைக் கழற்றிப் போட்டு உட்கார்ந்திருந்தார். உங்கள் தங்கைக்காக வந்திருக்கிறேன் என்று மூச்சு வாங்க மலாயில் சொன்னேன். அவர் ஸ்பேனரோடு எழுந்து நின்றார். அவர் பார்வை போன இடத்தைப் பார்த்தபோதுதான் தெரிந்தது, மாலை என் தோளிலேயே கிடந்தது. கல்யாணமாகாத பெண் இருக்கிற வீட்டுக்கு மாலையும் கையுமாக ஓடிவருகிறவனை எந்த பாஷைக்காரனும் ஒரே மாதிரிதான் பார்ப்பான். போதாததற்கு எனக்கு ஏற்கெனவே கல்யாணமாகியிருந்தது, அதுவும் அந்தத் தெருவுக்குத் தெரியும்.

டீச்சர் வெளியே வந்தார். மலாய்க்காரர் போடும் கெபாயாச் சட்டை, நெற்றியில் பொட்டு, கையில் திருத்திக்கொண்டிருந்த பரீட்சைத் தாள்கள். அவர் மலாயில் பேசியது தமிழில் இப்படி வரும்.

“இது யாருக்கு வாங்கின மாலை?”

பொய் சொல்ல அவகாசமில்லை. நடந்ததைச் சொன்னேன்.

“மூணு மாசமா என் விண்ணப்பத்துக்குப் பதில் இல்லை. இப்ப மிச்ச மாலையோட வந்து நிக்கிறீங்க.”

பட்டியலில் நாலாவது பெயருக்கு இடம் காலி என்றேன்.

“வர்றேன். ஆனா இன்டர்வியூவுக்கு வர மாட்டேன். உங்க ஆளுங்க முன்னால நின்னு தமிழ் பேசிக் காட்டவும் மாட்டேன். பட்டியல்ல நாலாவது பேரா இல்ல, முதல் பேரா போடுங்க.”

அண்ணன் ஸ்பேனரைக் கீழே வைத்தார். மாலையை என் தோளிலிருந்து எடுத்து சைக்கிள் ஹேண்டில்பாரில் மாட்டினார்.

நான் வீட்டுக்குப் போவதற்குள் செய்தி போய்விட்டது. மனைவி கோபப்படவில்லை. “வாடின மாலையாமே,” என்றாள். “போறதுதான் போனீங்க, நல்ல மாலையா வாங்கிட்டுப் போயிருக்கலாம்.”

மறுநாள் தலைவரின் ஜவுளிக்கடையில் குழு கூடியது. டீச்சரின் நிபந்தனைகளைச் சொன்னேன். பெயர் முதலில் இருந்தால் என்ன, நாலாவதாக இருந்தால் என்ன, அந்தம்மாவுக்கு ஏன் இந்த வீம்பு என்று ஒருவர் கேட்டார். டீச்சர்தான் முதலில் விண்ணப்பித்தவர், அவ்வளவுதான் என்றேன்.

“தமிழ் பேசாத பொம்பளைய முதல் பேரா போட்டா சனங்க சிரிக்க மாட்டாங்களாப்பா?” என்றார் தலைவர்.

“தமிழ் பேசுற டாக்டர் கார்ல ஏறிப் போனப்பவே சிரிச்சிட்டாங்க தலைவரே. மாலையத் தூக்கிட்டுத் திரும்பி வந்தவன் நான்.”

“முடியாதுன்னு சொன்னா என்ன செய்வ?”

மேஜையில் இருந்த வெள்ளைத் தாளை அவர் பக்கம் தள்ளினேன்.

“பட்டியலை நீங்களே டைப் அடிச்சிக்குங்க.”

தலைவர் ஒரு சேலைக் கட்டைப் பிரித்து, மறுபடி மடித்து வைத்தார். பிறகு கையெழுத்துப் போடும் பேனாவைத் தேடினார்.

பட்டியல் நாலு நாள் முன்னதாகவே போய்ச் சேர்ந்தது. இலாகா அனுமதி கொடுத்தது. தலைவர் திறப்பு விழாவுக்கு வரவில்லை. பதினொரு மாணவர்கள் வந்தார்கள். முதல் வகுப்பு வரலாறு. டீச்சர் அடுத்த தெருவிலிருந்து நடந்து வந்தார்.