கப்பல் பலகையில் நின்றவள்

தெருவில் அவருக்குக் காயில்காரர் என்றுதான் பெயர். எரிந்துபோன மின்விசிறி, தண்ணீர் மோட்டார், எதைக் கொண்டுவந்து போட்டாலும் உள்ளே கருகிக் கிடக்கும் செம்புக் கம்பியை உருவிப் போட்டுவிட்டு, புதுக் கம்பி சுற்றி, வார்னிஷ் ஊற்றிக் காயவைத்துக் கொடுத்துவிடுவார். கை அப்படி ஓடும். வாய்தான் ஓடாது. வருகிறவர்கள் என்ன கேட்டாலும் "நாளைக்கு வாங்க" என்று ஒரே பதில். வீட்டில் அந்த இரண்டு வார்த்தைகூடக் கிடையாது. கல்யாணமான புதிதில் மனைவி, "உங்களுக்குப் பதிலா ஒரு ரேடியோவைக் கட்டியிருக்கலாம், திருகினாலாவது பேசும்" என்பாள். அவர் சிரித்துக்கொண்டே சாப்பிட்டுவிட்டு எழுந்து போய்விடுவார்.

அவள் நூலகத்தில் உதவியாளராக இருந்தாள். புத்தகம் என்றால் உயிர். சர்க்கரை வியாதி கண்ணுக்கு வந்தபோது முதலில் பொடி எழுத்து போனது, பிறகு தலைப்பு போனது, பிறகு அலமாரியே போனது. வேலையை விட்டுவிட்டு வீட்டில் ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்தாள். எதுவுமே கேட்டுப் பழகாதவள், ஒருநாள் அவர் கடையிலிருந்து வந்து கை கழுவும்போது கேட்டாள்.

"ஏங்க, எனக்கு ஒரு புஸ்தகம் வாசிச்சுக் காட்டுவீங்களா?"

அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவர் ஒழுங்காக வாசித்தது மோட்டாரில் ஒட்டியிருக்கும் தகடுதான். ஆனாலும் தலையாட்டினார். அப்புறம்தான் தலையாட்டியது அவளுக்குத் தெரியாதென்று உறைத்து, "சரி" என்றார்.

அவள் கேட்டது ஒரு பழைய காதல் நாவல். பத்திரிகையில் தொடராக வந்து, எழுதியவர் பாதியிலேயே இறந்துபோனதால் முடியாமல் நின்றுவிட்ட கதை. கல்யாணமான ஒரு பெண்ணிடம், சிறுவயதில் அவளை விரும்பியவன் பல வருடம் கழித்துத் திரும்பி வந்து, கப்பல் ஏறப் போகும் நேரத்தில், "வருகிறாயா?" என்று கேட்கிறான். அவள் கப்பலுக்கு ஏறும் பலகையில் ஒரு காலை வைக்கிறாள். அவ்வளவுதான். எழுதியவர் கண்ணை மூடிவிட்டார்.

எழுத்துக் கூட்டி, மூச்சு வாங்கி, காயில்காரர் அதைப் படித்து முடித்தார். பலகையில் கால் வைத்த இடத்தில் மனைவி பெருமூச்சு விட்டாள். "இதுக்கு மேல நிறைய பேர் எழுதியிருக்காங்களாம். தேடிப் பாருங்களேன்."

அவர் கடையைச் சாத்திவிட்டுப் புத்தகக் கடைகளுக்கு அலைந்தார். முதலில் கிடைத்தது ஒரு பேராசிரியர் எழுதியது. அதில் அவள் கப்பலில் ஏறுகிறாள், நடுக்கடலில் புயல் வருகிறது, செய்த பாவத்தை நினைத்து அழுதபடி மூழ்கிப்போகிறாள். "நல்லா மூழ்கடிச்சான்" என்றாள் மனைவி. அடுத்தது டிவி தொடர் எழுதுகிற ஒருவருடையது. பலகையில் நின்றது அவளே இல்லையாம், அவளைப் போலவே இருக்கும் அக்காவாம். மனைவி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவருக்கும் சிரிப்பு வந்தது. அவர்கள் வீட்டில் இரண்டு பேரும் சேர்ந்து அப்படிச் சிரித்து வெகுகாலம் ஆகியிருந்தது. மூன்றாவது, ஒரு இளம்பெண் எழுதியது. அதில் அவள் இரண்டு ஆண்களையும் கைகழுவிவிட்டு, இந்தக் காலத்து நகரத்தில் சொந்தமாகக் கம்பெனி நடத்துகிறாள்.

"இது தேவலை. ஆனா இவ அந்தப் பலகையில நின்னவ இல்ல, வேற யாரோ."

அதற்குமேல் கடைகளில் கிடைக்கவில்லை. மனைவியின் முகம் பழையபடி ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டது. காயில்காரருக்கு அது தாங்கவில்லை. வார்னிஷ் காய்கிற நேரமெல்லாம் கடை மேஜையில் குனிந்து எழுத ஆரம்பித்தார். அவருடைய கதையில் அந்தப் பெண் காலைப் பின்னால் எடுத்துவிடுகிறாள். வீட்டுக்குத் திரும்பி வருகிறாள். புருஷன் கதவைத் திறக்கிறான். எதுவும் கேட்காமல் சோறு போட்டுக் கொடுக்கிறான். பிறகு அவர்கள் நிம்மதியாக வாழ்கிறார்கள். அந்தக் கடைசி வரியை எழுதும்போது அவர் கண் கலங்கியது.

"இன்னொண்ணு கிடைச்சுது" என்று சொல்லி வாசித்தார். இந்த முறை திக்கவே இல்லை. அவள் குறுக்கே ஒரு வார்த்தை பேசாமல் கேட்டாள்.

"நல்லா இருக்கா?"

"புஸ்தகத் தாள் இப்படிச் சத்தம் போடாதுங்க" என்றாள். குரலில் கேலி இல்லை. "நீங்க எழுதினதுதானே?"

அவருக்கு முகம் சுண்டிப்போனது. "ஆமா."

"அவன் ஏன் அவகிட்ட ஒண்ணுமே கேக்கல?"

"பெருந்தன்மை."

"எங்க போனே, ஏன் திரும்பி வந்தேன்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா அவ எவ்வளவோ சொல்லியிருப்பா. சோத்தைப் போட்டு வாயை அடைச்சுட்டான். இதுக்கு அந்தப் புயலே மேல்."

காயில்காரர் ஆயுசிலேயே முதல்முறையாக அவளிடம் மனதில் இருந்த ஒரு கேள்வியைக் கேட்டார். "நீயா இருந்தா போயிருப்பியா?"

"நான்தான் போகலையே" என்றாள்.

எங்கே போகவில்லை, யாருடன், எப்போது? கேட்க வேண்டிய இடம் அதுதான். அவளும் காத்திருந்த மாதிரிதான் இருந்தது. அவர் தாள்களை மடித்துக்கொண்டு, "அடுப்புல பால் வச்சிருக்கேன்" என்று எழுந்து போனார். அவர் திரும்பி வந்தபோது அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள்.

அதற்குப் பிறகு அவள் வாசிக்கச் சொல்லவில்லை. சீக்கிரமே சிறுநீரகமும் கைவிட்டது. மகள் இருக்கும் ஊரில் பெரிய ஆஸ்பத்திரி இருந்ததால், மகள் வந்து அழைத்துக்கொண்டு போனாள். "அப்பா, நீங்களும் வந்துடுங்க" என்றாள். "கடை இருக்கே" என்றார். வண்டி கிளம்பும்போது மனைவியின் கையைப் பிடித்தார். அவள் கையை இழுத்துக்கொள்ளவும் இல்லை, அழுத்தவும் இல்லை.

தினமும் சாயங்காலம் போன் செய்கிறார்.

"சாப்பிட்டியா?"

"ம். நீங்க?"

"ஆச்சு."

பிறகு இரண்டு பேரும் போனைப் பிடித்துக்கொண்டு இருப்பார்கள். அங்கே மருந்து நேரம் என்று மகள் வாங்கி வைத்துவிடுவாள். சில நாட்களாக மகள்தான் எடுக்கிறாள். அம்மா தூங்குறாங்கப்பா என்கிறாள். எழுப்ப வேண்டாம் என்று சொல்லிவிட்டு, அவர் எரிந்த மோட்டார் ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு கருகிய கம்பியை உருவ ஆரம்பிக்கிறார்.