திட்டு வாங்கும் பயிற்சி

என் மச்சினனுக்கு என்னைப் பிடிக்காது. எனக்கும் அவனைப் பிடிக்காது. எங்களுக்குள் சண்டை வராத விஷயம் இது ஒன்றுதான். நான் தாலி கட்டப் போகும் நேரத்தில், இடுப்பில் நிற்காத கால்சட்டையைப் பிடித்துக்கொண்டு, "இந்த ஆளா?" என்று சபை நடுவே கேட்டவன் அவன். பெண் வீட்டார் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு இன்னும் என் கணக்கில் பாக்கி.

அவன் வளர்ந்து சேலத்துக் கல்லூரியில் இன்டர்மீடியட் படித்தான். தருமபுரி வழியாகச் சின்ன ரயில் ஓடிக்கொண்டிருந்த காலம். மார்ச் மாதம் கெமிஸ்ட்ரி பிராக்டிகலில் எக்ஸாமினர் ஒரு அதட்டல் போட்டிருக்கிறார். இவன் கையிலிருந்த கண்ணாடிக் குழாயைக் கீழே போட்டுவிட்டு ஓடிவிட்டான். கல்லூரி வாசல், கடைவீதி, ஸ்டேஷன், ரயில், மாரண்டஹள்ளி. சொந்த வீட்டுக் கட்டிலில் போர்த்திக்கொண்டு படுத்த பிறகுதான் ஓட்டம் நின்றதாம்.

மாமனார் அவனைச் சட்டைக் காலரோடு பிடித்து என் வீட்டுக்குக் கொண்டுவந்தார். நான் அப்போது ஹைஸ்கூலில் சயின்ஸ் வாத்தியார்.

"மாப்ள, செப்டம்பர்ல மறுக்கா எழுதலாமாம். நீங்களும் கண்ணாடிக் குழாயிலதானே பொழைக்கறீங்க. இவனத் தேத்தி வுடுங்க. இந்தத் தடவையும் போச்சுன்னா படிப்பும் வேணாம் ஒண்ணும் வேணாம், ஏர்ல பூட்டிருவேன்."

"மாட்டுக்கு லீவு குடுத்தாச்சா?" என்று முனகினான் மகன்.

"வாய மூடுடா. ஓடறவனுக்குக் காலு போதும், வாய் எதுக்கு?" என்றவர் என்னைப் பார்த்தார். "உங்களால ஆவுங்களா? இன்ஸ்பெக்டர் வந்தா நீங்களே வவுத்துவலின்னு படுத்துக்குவீங்களாமே."

சமையலறையில் என் மனைவி பாத்திரங்களைத் தேவையில்லாமல் உருட்டினாள். யார் சொல்லியிருப்பார்கள் என்பது எனக்குப் புரிந்தது.

பொய்யில்லை. யாராவது குரலை உயர்த்தினால் என் முழங்கால்கள் இரண்டும் தங்களுக்குள் கலந்து பேசி ஒரு முடிவுக்கு வந்துவிடும். எனக்குத் தகவல் பிறகுதான் வரும். என் பேச்சு எட்டூருக்குக் கேட்கும். என் தைரியம் அடுத்த அறைக்குக்கூடக் கேட்காது.

பள்ளிக்கூட லேபில் அவனுக்கு விதவிதமாக உப்புகளைக் கொடுத்து, என்னவென்று கண்டுபிடிக்கச் சொன்னேன். எல்லாவற்றையும் கண்டுபிடித்தான். நான் சீட்டு மாற்றி ஒட்டியிருந்த புட்டியையும் கண்டுபிடித்து, "இதுக்கா மாமா சம்பளம் தர்றாங்க?" என்றான். ஆக, கெமிஸ்ட்ரியில் கோளாறு இல்லை. டாக்டருக்குப் படிக்க வேண்டும் என்று அக்காவிடம் மட்டும் ரகசியமாகச் சொல்லி வைத்திருந்தான். எனக்கும் அந்த ரகசியம் தெரியும் என்பது அவனுக்குத் தெரியாது. அந்த டாக்டருக்கும் அவனுக்கும் நடுவே நின்றது ஓர் அதட்டல்.

சரி, அதட்டலுக்குப் பழக்கிவிடுவோம் என்று கல்யாணக் கோட்டை மாட்டிக்கொண்டு, பிரம்போடு அவன் முன்னால் போய் நின்று, "யூ!" என்று கத்தினேன்.

"தொண்டைல ஏதாச்சும் மாட்டிக்கிச்சா மாமா?" என்றான்.

வேறு ஆள் பார்க்க வேண்டியதாயிற்று. வாரச்சந்தையில் கத்தரிக்காய் விற்கும் அம்மாள் ஒருத்தி இருந்தாள். அவள் வாய்க்குப் பயந்து சந்தை வரி வசூலிப்பவனே அந்தப் பக்கம் தலைகுனிந்து போவான். அதே கோட்டோடு, மச்சினனையும் ஒரு கோணிச்சாக்கையும் கூட்டிக்கொண்டு போனேன். குனிந்து, மரியாதையாக, தணிந்த குரலில் சொன்னேன்:

"கூடைல இருக்கற காய் அத்தனையும் எடுத்துக்கறனுங்க. நீங்க இந்தப் பையனக் கொஞ்சம் திட்டோணும்."

"எதுக்கு? என்ன பண்ணான்?"

"ஒண்ணும் பண்ணலீங்க. சும்மா திட்டோணும். பழக்கத்துக்கு."

அவள் முதலில் கூடையைத் தூக்கி, அவன் விரித்துப் பிடித்த சாக்கில் காயைச் சரிக்கத் தொடங்கினாள். பிறகுதான் ஆரம்பித்தாள். அவனை அல்ல, என்னை.

"ஏன்யா, கூலிக்குத் திட்டறதுக்கு நான் என்ன கூத்துல வேசங்கட்டி ஆடறவளா? தப்புப் பண்ணவனத்தான் நான் திட்டுவேன். ஒண்ணுமறியாத பையனத் திட்டச் சொல்றயே, நீ வாத்தியாரா, இல்ல வழிப்பறிக்காரனா? கோட்டப் பாரு, மூஞ்சியப் பாரு! உங்கூட்டுப் பொம்பளகிட்டக் கேளு, காசில்லாமயே திட்டுவா!"

இதற்கு மேல் அவள் சொன்னதை நான் கேட்கவில்லை. முழங்கால்கள் கூடிப் பேசி முடித்துவிட்டன. மிளகாய்க் கடையைத் தாண்டினேன், வெல்லக் கடையைத் தாண்டினேன், ஒற்றைச் செருப்போடு தாலுகா ஆபீஸ் சுவரைத் தாண்டினேன். வழியில் என்னிடம் படிக்கும் பயல் ஒருவன், "எந்த பஸ்ஸுங்க சார்? நிறுத்தட்டுங்களா?" என்று கூடவே ஓடிவந்து கேட்டான்.

மச்சினன் சாவகாசமாக வந்து சேர்ந்தான். தோளில் சாக்கு, கையில் என் இன்னொரு செருப்பு.

"எங்க மாமா போயிட்டீங்க?"

"ஒரு அவசர வேலை."

"பாத்தேன். சந்தையே பாத்துச்சு."

"அந்தம்மா உன்ன ஒண்ணும் சொல்லலயா?"

"நீங்க ஓடுனதும் என்னப் புடிச்சுக்கிச்சு. உன்னைக் கூட்டிட்டு வந்தவன் லட்சணம் இது, நீ எப்பிடி இருப்பேன்னு. ரெண்டு கையிலயும் சாக்கு வாய், எப்பிடி ஓடறது? நின்னேன். அப்பறம் தீந்துபோச்சு."

"என்ன தீந்துபோச்சு?"

"திட்டுதான். இருமல் வந்துச்சு, தண்ணி குடிச்சுது. வேறொருத்தர் வந்து வெல கேட்டாரு, அந்தப் பக்கம் திரும்பிக்கிச்சு. அவ்ளோதான்." சாக்கை இறக்கி வைத்தான். "அது தீந்துபோவும்னே எனக்குத் தெரியாது மாமா."

எனக்கும் தெரியாது. அன்றுவரை எந்தத் திட்டையும் நான் கடைசிவரை இருந்து கேட்டதில்லை. முதல் வாக்கியத்திலேயே கிளம்பிவிடுகிறவனுக்கு முடிவுரை எப்படித் தெரியும்? பாதியில் விட்டுவிட்டு வந்த திட்டுகள் எல்லாம் எனக்குள் இன்னும் நடந்துகொண்டுதான் இருந்தன.

அடுத்தடுத்த சந்தைகளுக்கு அவன் தனியாகவே போனான். காயை அமுக்கிப் பார்த்து, முற்றல் என்று குறை சொல்லி, நியாயமான காரணத்தோடு திட்டு வாங்கிக்கொண்டு வந்தான். வீட்டில் ஓயாமல் கத்தரிக்காய்க் குழம்பு. அதற்காக என் மனைவி என்னைத் திட்டினாள். நான் கிணற்றடிக்குப் போய்விட்டேன்.

செப்டம்பரில் அவனோடு நானும் சேலம் போனேன். மாமனாரின் உத்தரவு: "வாசல்லயே நில்லுங்க. ஓடியாந்தா புடிச்சு மறுக்கா உள்ள தள்ளுங்க." நான் லேப் ஜன்னலுக்கு வெளியே, ஒரு வேப்பமரத்தடியில் நின்றேன்.

வெகுநேரம் சத்தமே இல்லை. பிறகு உள்ளே கண்ணாடி உடைந்தது. அதன் பின்னாலேயே இங்கிலீஷில் ஒரு கர்ஜனை: உனக்குப் பாடம் சொன்ன மடையன் எவன்?

கேள்வி நேராக எனக்கு. எனக்கு நினைவு திரும்பியபோது நான் கல்லூரி கேட்டுக்கு வெளியே ரோட்டில் இருந்தேன்.

கடமை ஞாபகம் வந்து, கைகளை விரித்துக்கொண்டு கேட்டை மறித்து நின்றேன். ஒரு பையன் அழுதுகொண்டே ஓடிவந்தான். தாவிப் பிடித்தேன். "வுடுங்க சார், யாரு நீங்க?" என்று திமிறினான். வேறு யாரோ பெற்ற பிள்ளை. விட்டுவிட்டு மறுபடியும் கைகளை விரித்தேன். யாரும் வரவில்லை. இன்னும் கொஞ்சம் நின்றேன். வரவேயில்லை.

மணியடித்த பிறகு மச்சினன் நடந்து வந்தான். சில்வர் நைட்ரேட் பட்ட விரல்நுனிகள் கறுத்திருந்தன.

"என்னடா ஆச்சு?"

"குடுத்த உப்பு குளோரைடு."

"அதில்லடா. அவரு கத்துனாரே?"

"குழாய் ஒடஞ்சுது, கத்துனாரு. முடிக்கட்டும்னு நின்னேன். முடிச்சாரு. வேற குழாய் கேட்டேன், குடுத்தாரு." என்னை மேலும் கீழும் பார்த்தான். "மரத்தடிலதானே இருந்தீங்க? ரோட்டுல என்ன பண்றீங்க?"

பாஸானான். ஏரிலிருந்து தப்பித்தான். மாமனார் மாரண்டஹள்ளி முழுக்கத் தம் வம்சத்தின் நெஞ்சுரத்தைப் பற்றிச் சொல்லி முடித்துவிட்டு, என் வீட்டுக்கும் வந்தார்.

"அப்பிடி நீங்க என்னதான் மாப்ள சொல்லிக் குடுத்தீங்க?"

நான் வாய் திறப்பதற்குள், முற்றத்தில் டிரங்குப் பெட்டிக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்த மச்சினன், தலையை நிமிர்த்தாமலே சொன்னான்:

"ஓடிக் காட்டுனாருப்பா. நல்லா ஓடுனாரு."