மாதா என் மேசையின் வேகத்தைக் குறைத்தார்

மூன்றாவது வார்ப்பும் வீணாகிப்போன வெள்ளிக்கிழமை மதியம், இனி நான் அந்த மெஷின் பக்கமே போக முடியாது என்று நினைத்துக்கொண்டேன். போன வருடம் மே மாதம், மாதா வணக்க மாதத்தின் கடைசி வாரம் அது. நம் அன்பிய செபக் கூட்டத்தில் நோய் தீர்ந்ததையும் பிள்ளை பிறந்ததையும் சாட்சியாகச் சொல்லியிருக்கிறீர்கள். நான் சொல்லப்போவது ஓர் இரும்பு மேசையைப் பற்றி. சிரித்துவிட்டுக் கேளுங்கள்.

என் பெயர் ரீட்டா. காந்தலில் குடியிருக்கிறேன். எட்டு வருடம் எஸ்டேட்டில் கொழுந்து பறித்தேன். பிறகு படித்து, தேயிலை பேக்டரிகளுக்கு உதிரி பாகம் செய்யும் ஒரு பட்டறையில், கம்ப்யூட்டர் சொல்கிறபடி துளை போடும் சிஎன்சி மெஷின் ஓட்ட வந்தேன். அங்கே மெஷின் ஓட்டும் ஒரே பெண் நான்தான். அந்த மெஷினில் ரோட்டரி டேபிள் என்று ஒரு வட்ட மேசை உண்டு. வேலைப் பொருளை அதன் மேல் பூட்டிவிட்டால், மோட்டாரில் திரும்பித் திரும்பி, துளை விழ வேண்டிய இடத்தை டிரில்லுக்கு நேராகக் கொண்டுவந்து நிறுத்தும்.

அந்த வாரம் வந்தது, இலை அரைக்கும் மெஷினுக்கான வார்ப்பிரும்பு மூடி. வேண்டியது ஒன்றுதான், கைவசம் நான்கு வார்ப்பு இருந்தன. ஒரு பக்கம் மட்டும் கனமான கை நீட்டிக்கொண்டிருக்கும். விளிம்பைச் சுற்றிப் பன்னிரண்டு துளை. கொழுந்து குவிகிற சீசன். மெஷின் நின்று இலை வீணாகிறது என்று பேக்டரியிலிருந்து தினமும் போன் வந்தது. கொழுந்து பறித்த கைக்கு வேகம்தான் பெருமை. டேபிளோடு வந்த அட்டவணையைப் பார்த்தேன். நிமிடத்துக்கு இருபத்தைந்து சுற்று வரை என்று இருந்தது. அந்த ‘வரை’யை நான் மதிக்கவே இல்லை. இருபத்தைந்தையே வைத்தேன்.

முதல் நான்கு துளைகள் சரியாக விழுந்தன. அதற்குப் பிறகு ஒவ்வொன்றும் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிப்போனது. டிரில்லை மாற்றினேன். புரோகிராமை வரி வரியாகப் படித்தேன். போல்ட்டுகளை இன்னும் முறுக்கினேன். எதுவும் உதவவில்லை. ஒன்றன்பின் ஒன்றாக மூன்று வார்ப்பும் வீணாயின.

முதலாளி கத்தவில்லை. அதுதான் அதிகமாக வலித்தது.

“இன்னும் ஒண்ணே ஒண்ணுதானுங்க இருக்குது ரீட்டா. திங்கக்கெழம பதினோரு மணிக்குக் கோயமுத்தூர்ல இருந்து ஆளு வராருங்க. அவரே ஓட்டட்டும். நீங்க இனிமே பேக்கிங் பக்கம் பாத்துக்குங்க.”

வீட்டுக்கு வந்து செபமாலையைக் கையில் எடுத்தேன். வாய் மந்திரம் சொல்ல, மனசு சண்டை போட்டது. “மாதாவே, தப்பு மெஷினில்தான் இருக்கிறது. உம் மகனிடம் சொல்லி அதை முதலாளிக்குக் காட்டும்.” இப்படித்தான் செபித்தேன். வெட்கமாக இருக்கிறது, ஆனால் சாட்சியில் பொய் சொல்லக் கூடாது.

சனிக்கிழமை மாலை மாதா சப்பரம் புறப்பட்டது. உங்களில் பலர் அன்று வந்திருந்தீர்கள். மாதா குகையான கெபியைத் தாண்டி இறக்கத்தில் ரோடு வளையும் இடத்தில், தோள் கொடுத்தவர்கள் மழைக்குப் பயந்து வேகமாகத் திரும்பினார்கள். உள்பக்கம் இருந்தவர்கள் இரண்டு எட்டுதான் வைத்தார்கள். வெளிப்பக்கம் இருந்தவர்கள் ஓடினார்கள். திடீரென்று நின்றதும் மாதா சுரூபம் பீடத்தில் ஒரு விரல்கடை நகர்ந்துவிட்டது.

சப்பரத்தை முன்னால் நின்று நடத்திய அருள் அண்ணன் சத்தம் போட்டார்.

“கவுறு கட்டியிருக்குதுன்னு ஓடுவீங்களாப்பா? மெதுவா எடுங்க. மெதுவா நிறுத்துங்க. வெளிப்பக்கத்துக் கனத்தப் பாத்துத் திரும்புங்க!”

மெழுகுவர்த்தியோடு அப்படியே நின்றுவிட்டேன். இறுக்கிக் கட்டியும் சுரூபம் நகர்ந்தது. இறுக்கி முறுக்கியும் என் வார்ப்பு நகர்ந்திருக்கிறது. அந்த நீட்டிய கைதான் வெளிப்பக்கத்துக் கனம். மெஷினில் தப்பே இல்லை. நான் வைத்த வேகம்தான் தப்பு. அழுதேன். பக்கத்தில் இருந்தவர்கள் பக்தி என்று நினைத்தார்கள்.

திங்கட்கிழமை ஏழு மணிக்கே பட்டறைக்குப் போனேன். “கோயமுத்தூர்க்காரரு வர்றவரைக்கும் எனக்கு டைம் குடுங்க சார். நல்ல வார்ப்பத் தொட மாட்டேன்” என்று முதலாளியிடம் கேட்டேன். சரி என்றார். வீணான ஒரு வார்ப்பைப் பூட்டி, அதன் மேல், மயிரிழை அசைவையும் காட்டும் அளவுக் கடிகாரத்தை வைத்தேன். இருபத்தைந்தில் சுற்றி நிறுத்தினேன். முள் நகர்ந்தது. இருபதிலும், பன்னிரண்டிலும், ஒன்பதிலும் நகர்ந்தது. விடவில்லை. ஆறுக்கு இறக்கி, மெல்லக் கிளம்பி மெல்ல நிற்கும்படி மாற்றினேன். பன்னிரண்டு முறை திரும்பியும் முள் அசையவில்லை. முதலாளி குனிந்து பார்த்தார். நிமிர்ந்து, கடைசி வார்ப்பைத் தன் கையாலேயே தள்ளிக்கொண்டு வந்தார்.

பன்னிரண்டு துளைகளும் அளவில் விழுந்தன. கோயமுத்தூர்க்காரர் வந்து அளந்து பார்த்துவிட்டு, “இதுக்கு என்னை எதுக்குங்க கூப்புட்டீங்க?” என்று டீ குடித்துவிட்டுக் கிளம்பினார். மறுநாள் பேக்டரி ஓடியது. அந்த மெஷினில் இன்றும் நான்தான் நிற்கிறேன்.

இப்போது எந்த வேலை வந்தாலும், கனம் எவ்வளவு, நடுவிலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று பார்த்த பிறகே வேகம் வைக்கிறேன். வீட்டிலும் என் பேச்சின் வேகம் கொஞ்சம் குறைந்திருப்பதாகக் கணவர் சொல்கிறார்.

இயேசுவுக்கும் அவர் தாய்க்கும் நன்றி. துன்பத்தில் இருக்கிறவர்களே, துணிந்து கேளுங்கள், பதில் வரும். நான் மெஷினின் தப்பைக் காட்டச் சொல்லிக் கேட்டேன். மாதா என் தப்பைக் காட்டித்தான் என்னைக் காப்பாற்றினார்.