மஸ்கட் பெட்டியும் பூப்போட்ட நைட்டியும்

பேரனுக்கு இரண்டு மாதம் நிறைவதற்குள் என் மகளுக்கு வங்கித் தேர்வின் ஹால் டிக்கெட் வந்து சேர்ந்தது. வயது வரம்பின்படி அதுதான் அவளுக்குக் கடைசி வாய்ப்பு. தேர்வறைக் கதவைச் சாத்தினால் முடிவு மணி அடிக்கும்வரை யாரும் வெளியே வரக் கூடாது. மீறி வந்தால் திரும்ப உள்ளே போக முடியாது. வருவாய்த் துறையில் ஆயுளைக் கழித்தவன் என்பதால் விதிவிலக்குகளையும் படித்துப் பார்த்தேன். பசித்த குழந்தை அவற்றில் இல்லை.

ஆகவே அன்று காலை பேரன் தாயிடமல்லாமல் வேறு எதிலிருந்தாவது பால் குடித்தாக வேண்டும். அவனோ அதுவரை வேறு எதையும் வாயருகே அனுமதித்தவன் அல்ல.

வெள்ளிக்கிழமை தொலைபேசியில் மஸ்கட் மாப்பிள்ளையிடம் சொன்னோம். லீவில் ஊருக்கு வந்த நண்பர் ஒருவர் கையில் பெரிய பெட்டியாகப் பதில் வந்தது. விதவிதமான காம்புகளோடு பாட்டில்கள், அவற்றின் உள்ளே விட்டுக் கழுவ வளைந்த பிரஷ், ஆவியில் கிருமி நீக்கும் மின்சாரப் பாத்திரம், தாய்ப்பாலை எடுத்து வைக்க ஒரு கைப்பம்ப். எங்கள் ஊர் குத்தாலத்தில் பம்ப் என்றால் வயலுக்குத் தண்ணீர் இறைப்பது. இது உள்ளங்கைக்குள் அடங்கியது. கூடவே, தாய் இடுப்பைச் சுற்றிப் பொருத்திக்கொண்டு குழந்தையைக் கிடத்திக்கொள்ளப் பிறை வடிவத் தலையணை. மகளுக்கு மடியே போதும் என்பதால் அது, நான் பேப்பர் படிக்கும் நேரத்தில், என் முதுகுக்கு ஒதுக்கீடு செய்யப்பட்டது.

கையேட்டை முழுவதும் படித்தவன் நான் ஒருவன்தான். ஒவ்வொரு முறையும் கிருமி நீக்கம் அவசியம் என்றிருந்தது. கரண்ட் போன நேரங்களில் அடுப்பில் வைத்தே கொதிக்கவிட்டேன்.

“ஏங்க, அது புள்ளை குடிக்கிற பாட்டிலா, ஆபரேஷன் பண்ற கத்தியா? காலையிலேர்ந்து அவிச்சுக்கிட்டே இருக்கீங்க. எனக்கு இட்லி வைக்க அடுப்பு வேணும்” என்றாள் மனைவி.

“புஸ்தகத்துல போட்டிருக்கு.”

“புள்ளை அதைப் படிச்சுதா?”

படிக்கவில்லை என்றே தோன்றியது. முதல் பாட்டிலை நாக்கால் தள்ளினான். இரண்டாவதற்கு உதட்டையே திறக்கவில்லை. ஸ்பூனில் கொடுத்ததை என் சட்டையில் துப்பினான். மனைவி பாலாடையை, அந்த மூக்கு வைத்த சின்ன வெள்ளிக் கிண்ணத்தை, எடுத்து வந்தாள். அதையும் வாங்கிக் கொதிக்கவைத்துத் துடைத்துக் கொடுத்தேன். தெருவே எட்டிப் பார்க்கும்படி கத்தினான்.

“நீங்க பக்கத்துல நின்னு முறைச்சா எப்படிக் குடிப்பான்? உங்க ஆபீஸ் ப்யூனே உங்க முன்னாடி காப்பி குடிச்சதில்ல.”

அழுகை கேட்டு மகள் உள்ளேயிருந்து ஓடி வந்து குழந்தையை வாங்கிக்கொண்டாள். அவள் கண்ணும் கலங்கியிருந்தது. “விடுங்கப்பா. பரீட்சையும் வேணாம், ஒண்ணும் வேணாம்.”

“வேணாம்னு எழுதிக் கொடுக்க அதுல கட்டமே இல்லம்மா. போய்ப் படி.”

தேர்வு கும்பகோணத்தில், ஒரு பள்ளிக்கூடத்தில். பம்பில் எடுத்த பாலை ஐஸ் போட்ட பிளாஸ்கில் வைத்துக்கொண்டு எல்லோருமாகப் போனோம். மகள் கடைசி நிமிடம்வரை பால் கொடுத்துவிட்டு, திரும்பிப் பார்த்தபடியே உள்ளே ஓடினாள். நாங்கள் மைதானத்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்தோம்.

பேரன் கொஞ்ச நேரம் தூங்கினான். பிறகு விழித்துக்கொண்டு, இருக்க வேண்டியவள் இல்லை என்பதைக் கண்டுபிடித்தான். டீக்கடை வெந்நீரில் வைத்துப் பாலை இளஞ்சூடாக்கி வந்தேன். பாட்டிலைத் தட்டிவிட்டான். அழுகை ஏறிக்கொண்டே போனது. மரத்தடியில் காத்திருந்தவர்கள் கூடி ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். சர்க்கரைத் தண்ணீர் கொடுக்கச் சொன்ன அம்மாள், என் மனைவி பார்த்த பார்வையில் இரண்டடி பின்னால் போனார்.

நிமிர்ந்தேன். மாடி ஜன்னலில் மகளின் தலை தெரிந்தது. அது வினாத்தாளைப் பார்க்கவில்லை, எங்களைப் பார்த்தது. இன்னும் கொஞ்சம் அழுதால் எழுந்து வந்துவிடுவாள்.

“பாலாடையிலயே கொடுத்துப் பார்ப்போம். துண்டை எடுத்து மேல போட்டுக்கிட்டு அவனை வாங்குங்க” என்றாள் மனைவி.

பைக்குள் கைவிட்டு அகப்பட்டதை உருவினேன். துண்டல்ல, மகளின் நைட்டி. முதல்நாள் போட்டிருந்தது, துவைக்காமல், கிளம்பும் அவசரத்தில் துண்டென்று நினைத்துத் திணிக்கப்பட்டது. ஊதாப் பூக்கள். வேறு துணி தேட நேரமில்லை. தோளிலிருந்து மார்பு மறைய அதைப் போர்த்திக்கொண்டு பேரனை வாங்கினேன்.

அவன் முகத்தைத் திருப்பி நைட்டியில் புதைத்தான். மோந்து பார்த்தான். அழுகை பாதியில் நின்றது. மனைவி பாலாடையின் மூக்கை வாயோரம் வைத்தாள். வாய் திறந்தது, ஒரு மடக்கு இறங்கியது, பிறகு இன்னொன்று. அவன் தேடிய அந்த ஒரு வாசனையும் மிஞ்சிவிடாதபடி எல்லாவற்றையும் ஒரு வாரமாகக் கொதிக்கவைத்துக்கொண்டிருந்தவன் நான்.

“அசையாதீங்க. உங்களை அம்மான்னு நினைச்சுட்டான்.”

“மீசையோடயா?”

“கண்ணை மூடிக்கிட்டுத்தானே குடிக்கிறான்.”

மாடி ஜன்னலில் தலை குனிந்துகொண்டது.

அப்போதுதான் “சார், வணக்கம்” என்று ஒரு குரல். என் கீழ் வேலை பார்த்தவர். மகனைத் தேர்வுக்குக் கூட்டி வந்திருந்தார். ஒருமுறை பூப்போட்ட சட்டையில் ஆபீசுக்கு வந்ததற்காக அவருக்கு நான் மெமோ கொடுத்திருக்கிறேன். அவர் என்னை மேலிருந்து கீழாக, அவசரமே இல்லாமல், பார்த்தார்.

“பூவெல்லாம் நல்லா இருக்குங்க சார்.”

எழுந்து போகவும் முடியாது. பேரன் குடித்துக்கொண்டிருந்தான்.

மணி அடித்ததும் முதல் ஆளாக ஓடி வந்தவள் மகள்தான். “குடிச்சானாப்பா?”

“பாலாடை காலி. நீ?”

“எல்லாத்தையும் எழுதிட்டேன்.” என்னைப் பார்த்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டு குழந்தைக்குக் கை நீட்டினாள். தூங்குகிறவனை எழுப்பாதே என்று அவள் அம்மா தடுத்துவிட்டாள்.

அந்த வேலை கிடைத்தது பிறகு வந்த சேதி. அன்று நைட்டியை உருவப் பார்த்தபோதெல்லாம் அவன் முனகியதால் அதோடேயே பஸ் ஏறினேன். காலியாக இருந்தது பெண்கள் இருக்கை மட்டும்தான். அதில் உட்கார்ந்த என்னை எழுப்ப வந்த கண்டக்டர் மீசையைப் பார்த்தார், நைட்டியைப் பார்த்தார், டிக்கெட்டைக் கிழித்துக் கையில் கொடுத்துவிட்டு அடுத்த இருக்கைக்குப் போய்விட்டார்.