கயிறு கட்டிய கூரை

பர்மாவில் மழை ஓய்ந்துவிடும் கார்த்திகையில் புயல் வரும் என்று எங்கள் தெருவில் யாரும் நினைக்கவில்லை. போர்வையை எடுத்து வெயிலில் உலர்த்துகிற மாதம் அது. ஆனால் ஆளுக்கு ஆள் போனைக் காட்டிப் பயமுறுத்தவே, நானும் வரிந்து கட்டிக்கொண்டு இறங்கினேன்.

நகரத்து ஓரத்திலிருக்கும் லைங் தாயாவில் எங்கள் வரிசை வீடுகளுக்கெல்லாம் மூங்கில் தட்டிச் சுவர், தகரக் கூரை. எதையும் அரைகுறையாகச் செய்கிறவள் இல்லை நான். கடையில் மிச்சமிருந்த நைலான் கயிறு முழுவதையும் வாங்கிவிட்டேன். என் வீட்டுக்காரர் கூரையில் ஏறிக் குறுக்கும் நெடுக்குமாக இழுத்து, மூலைக்கு மூலை முளை அடித்துக் கட்டினார். அரிசிச் சாக்குகளில் மணல் நிரப்பி மேலே அடுக்கினோம். சாமி படங்களைப் பிளாஸ்டிக்கில் சுற்றி மூட்டையில் வைத்தேன். வரிசையிலேயே உங்கள் வீடுதான் உறுதி என்று போகிறவர் வருகிறவர் எல்லாம் சொன்னார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அதற்குள் நகரத்து நடுவிலிருக்கும் கியாக்டடாவிலிருந்து அண்ணன் போன் செய்தார். "எதுக்கும் இங்க வந்துருங்க. வெள்ளக்காரன் காலத்துக் கட்டடம், அசையாது." உடனே கிளம்பினோம். கதவைப் பூட்டும்போது பக்கத்து வீட்டுப் பர்மியப் பெண் கைக்குழந்தையோடு வந்து நின்றாள். ஐராவதி ஆற்றுமுகத்தில் முன்பு ஒரு புயலில் வீட்டை இழந்து இங்கே வந்தவள். புருஷன் தாய்லாந்தில் வேலை செய்கிறான். ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு, "பத்திரமா போயிட்டு வாங்க அக்கா" என்று பர்மிய பாஷையில் சொன்னதோடு சரி. பஸ் பிடிக்கும் அவசரத்தில் தலையை ஆட்டிவிட்டு, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன்.

அண்ணன் வீடு ஐந்தாம் மாடி. தெருவில் தொங்கும் கயிற்றை இழுத்தால் மேலே மணி அடிக்கும். கீழ்க்கதவுச் சாவியை அண்ணி அதே கயிற்றில் மாட்டி இறக்குவார். மூட்டை முடிச்சோடு மூச்சு வாங்க ஏறினோம். அண்ணி முகம் கோணாமல் சோறு போட்டார். ஆனால் படுக்க இடம் கிடைத்தது சமையலறை வாசலில்தான். நடு அறையில் பூட்டு தொங்கியது. உள்ளே அண்ணனுடைய வியாபாரச் சரக்காம்.

"பாதி ரூம் காலியாத்தான் கெடக்கும்" என்று வீட்டுக்காரரின் காதைக் கடித்தேன்.

"பேசாம படு."

திறந்து விடுங்கள் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. கூடப் பிறந்தவளுக்கு ஓர் அறையைத் திறந்துவிட மனசில்லையே என்று அண்ணனை உள்ளுக்குள்ளேயே வறுத்தெடுத்தேன். வெளியே காற்று ஜன்னலைப் பிடித்து உலுக்கியது.

புயல் எங்களைத் தொடாமல் ஒதுங்கிப் போய்விட்டது. அதன் ஓரக்காற்றும் மழையும்தான் இங்கே அடித்தன. காலையில் வெயிலே வந்துவிட்டது. பாத்திரம், படுக்கை, சாமி படம் எல்லாவற்றையும் சுமந்துகொண்டு நாங்கள் இறங்கியதை ஒவ்வொரு மாடியிலும் கதவைத் திறந்து பார்த்தார்கள். மானம் போயிற்று என்று பஸ்ஸில் வழிநெடுகப் புலம்பினேன்.

எங்கள் கூரையில் ஒரு மணல் சாக்குக்கூட நகரவில்லை. பக்கத்து வீட்டில் இரண்டு தகரம் பறந்து, உள்ளே பாயெல்லாம் நனைந்து கிடந்தது. அந்தப் பெண் எங்கள் கூரைச் சரிவுக்குக் கீழே, எங்கள் கதவில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். மடியில் குழந்தை இருமிக்கொண்டிருந்தது.

"ராத்திரி எங்க இருந்தே?"

"இங்கதான் அக்கா. உங்க கூர அசையவே இல்ல."

"போறப்பவே சாவி கேட்டிருக்கலாமே?"

"ஆநாடே" என்று சொல்லிச் சிரித்தாள். அடுத்தவருக்குச் சங்கடம் கொடுக்கிறோமே என்கிற கூச்சத்துக்குப் பர்மியர் சொல்லும் வார்த்தை அது. அண்ணன் வீட்டில் என் வாயை அடைத்ததும் அதுதான்.

முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. கேட்கத்தான் வந்து நின்றிருக்கிறாள். கடைக் கயிறு அத்தனையையும் என் கூரையில் கட்டி, வீட்டுக்குள் ஒருவரும் ஒதுங்க முடியாதபடி பூட்டிவிட்டுப் போயிருக்கிறேன். என் மேல் எனக்கே அருவருப்பாக இருந்தது.

நான் பூட்டைத் திறக்கட்டும் என்று அவள் எழுந்து நகர்ந்து நின்றாள். அண்ணியாவது எனக்கு ஒரு சாவியைக் கீழே இறக்கித் தந்தார்.