எட்டு ஜிபியும் ஒரு வெள்ளைத் திரையும்

போன வியாழக்கிழமை காலை பதினோரு மணி. ஸ்ரீரங்கத்தில் வீட்டில்தான் இருந்தேன். போன் அடித்தது. மனைவியின் தம்பி ரகு.

“மாமா... குளவி கொட்டிருச்சு. ஏழெட்டு இடத்துல. தொண்டைய அடைக்குது... நம்ம குரூப்ல லொகேஷன் போட்டிருக்கேன்...”

லைன் கட்.

ரகு வாழைத்தார் வியாபாரி. ஜீயபுரம் பக்கம் தோட்டம் தோட்டமாகப் போவான். அன்று எந்தத் தோட்டம்? யாருக்குத் தெரியும்? திருப்பிக் கூப்பிட்டேன், எடுக்கவில்லை.

அதற்குள் மனைவி மாலதி தன் போனில் ஆம்புலன்ஸைப் பிடித்துவிட்டாள். ஸ்பீக்கரில் ஒரு பெண் குரல்: “எந்த இடம்னு சொல்லுங்கம்மா.”

மாலதி என்னைப் பார்த்தாள்.

என் போன் வாங்கி இரண்டே மாதம். குறைந்த விலையில் 8 ஜிபி ரேம் என்று பார்ப்பவர்களிடமெல்லாம் பீற்றிக்கொண்டிருந்தேன். வாட்ஸ்அப்பைத் திறந்து லொகேஷனைத் தொட்டேன். மேப் வரவில்லை. வெள்ளைத் திரை. மறுபடி தொட்டேன். மொத்தமாக உறைந்துவிட்டது.

“லைன்ல இருக்கீங்களா?” — அதே குரல்.

மாலதி காத்திருக்கவில்லை. பேசிக்கொண்டே தன் போனில் குரூப்பைத் திறந்தாள். மூன்று வருடப் பழைய போன், 6 ஜிபிதான். தொட்டதும் மேப் விரிந்தது. “ஜீயபுரம் தாண்டி, வாய்க்கால் பாலத்துக்கு இடது பக்கம்...” என்று வாசித்தாள்.

ஆம்புலன்ஸ் போனபோது ரகு வரப்பில் கிடந்தானாம். முகம் வீங்கி, பேச்சில்லாமல். ஊசி போட்டுத் தூக்கி வந்தார்கள். சாயங்காலம் கண் திறந்து டீ கேட்டான். அதன் பிறகுதான் எனக்கு அழுகை வந்தது.

ஆஸ்பத்திரி வராண்டாவிலேயே இரண்டு போனையும் பக்கத்தில் வைத்து அதே லொகேஷனைத் திறந்து பார்த்தேன். அவளுடையதில் இரண்டு எண்ணுவதற்குள் மேப். என்னுடையதில் பத்தொன்பது வரை எண்ணினேன்.

மறுநாள் சத்திரம் பஸ் ஸ்டாண்ட் அருகே போன் ரிப்பேர் கடை வைத்திருக்கும் பாயிடம் காட்டினேன். செட்டிங்ஸைத் திறந்து பார்த்தார்.

“சார், இதுல நாலு ஜிபிதான் நிஜ ரேம். மிச்ச நாலு, போட்டோ வீடியோ வைக்கிற ஸ்டோரேஜ்லேர்ந்து எடுக்கிறது. அது ரேம் வேகத்துக்கு வராது. புராசஸரும் ரொம்ப சின்னது. மேடம் போன்ல ஆறும் நிஜம், புராசஸரும் நல்லது. வாங்கறப்ப புராசஸர் என்னன்னு கேட்டீங்களா?”

கேட்கவில்லை. அட்டைப்பெட்டியில் எட்டு என்று பெரிதாகப் போட்டிருந்தது. எண் பெரிதாக இருந்தால் நாம் கேள்வி கேட்பதில்லை. ஸ்கூலில் சேர்க்கும்போதும் சரி, மாப்பிள்ளை பார்க்கும்போதும் சரி... அதே கதைதானே?

என் பேச்சைக் கேட்டு அதே போனை வாங்கியவர்கள் மூன்று பேர். அன்றைக்கே கூப்பிட்டு விஷயத்தைச் சொல்லிவிட நினைத்தேன். இரண்டு பேர் எடுத்தார்கள். திருவானைக்காவல்காரர் மட்டும் ஒரு மணி நேரம் கழித்துக் கூப்பிட்டார்.

“மன்னிச்சுக்குங்க சார். நீங்க கூப்பிட்டது தெரிஞ்சுது. பச்சை பட்டனைத் தேய்ச்சுக்கிட்டேதான் இருந்தேன்...”